மூத்தவர் ஓய்வு பெறும் முன் எப்படிக் கற்றுக்கொள்வது?

கேள்வி: எங்கள் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய மூத்தவர் ஒருவர் இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறுகிறார். தெரிந்ததையெல்லாம் எழுதித் தருமாறு நிர்வாகம் கேட்டதற்கு 4 பக்கங்கள் எழுதிக் கொடுத்தார். அதில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவர் வேண்டுமென்றே மறைக்கிறாரா?

பதில்: அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். தனக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதியை அவரால் எழுத முடியாமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். நாம் சொல்ல முடிவதைவிட அதிகமாக அறிந்திருக்கிறோம் என்று மைக்கேல் போலான்யி என்ற அறிஞர் 1966இல் எழுதினார். இயந்திரத்தின் ஓசை மாறியதும் எந்தப் பகுதியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் மூத்தவருக்குக் கைப்பழக்கமாகவே ஆகியிருக்கும். வெற்றுத் தாளை நீட்டி எழுதச் சொன்னால் அது நினைவுக்கு வராது.

1980களில் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம், வீட்டிலேயே ரொட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்க முயன்றபோது, மாவு சரியாகப் பிசையப்படாமல் ரொட்டி கெட்டுக்கொண்டே இருந்தது. அந்நிறுவனத்தின் மென்பொருள் உருவாக்குநரான இக்குகோ தனாகா, ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டித் தயாரிப்பாளரிடம் நேரில் சென்று பயிற்சி பெற்றார். அவர் மாவைப் பிசையும்போதே தனக்கே உரிய முறையில் இழுத்து முறுக்குகிறார் என்பதைத் தனாகா அங்குதான் கண்டுகொண்டார். பிறகு பொறியாளர்களுடன் சேர்ந்து உழைத்து, இயந்திரத்தின் உட்புறத்தில் விலா எலும்பு போன்ற சிறப்புப் புடைப்புகளை அமைத்து அந்த அசைவை அவர்கள் கொண்டுவந்தார்கள்.

ஆகவே எழுதும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பழுது வரும்போது அவர் அருகில் நின்று, முதலில் எதைக் கவனித்தார், எதை ஏன் ஒதுக்கினார், எந்த இடத்தில் ஐயம் தோன்றியது என்று கேட்டு, அன்றே எழுதி அவரிடம் காட்டுங்கள். புதிதாக எழுதத் தயங்குபவர்கூடப் பிறர் எழுதியதில் உள்ள பிழையைப் பார்த்தால் திருத்தாமல் இருக்கமாட்டார். அப்படித் திருத்தும்போதுதான் அவருடைய அறிவு வெளிப்படும்.

அவர் அற்பம் என்று ஒதுக்குவதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவின் அணு ஆயுதங்களில் பயன்படும் ஃபாக்பேங்க் என்ற பொருளை மீண்டும் தயாரிக்க முற்பட்டபோது, 1980களின் தயாரிப்பு முறை பற்றிய பதிவுகள் மிகக் குறைவாக இருந்ததும், செய்முறை அறிந்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்ததும் 2009இல் வெளியான அரசுத் தணிக்கை அறிக்கையில் பதிவாயின. பழைய மூலப்பொருளில் கலந்திருந்த ஒரு மாசுதான் அப்பொருளின் தரத்துக்குக் காரணம் என்பது நெடுநாள் முயற்சிக்குப் பிறகே புலப்பட்டது. முன்பு அதைத் தயாரித்தவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும். அந்த நேரத்தை உங்கள் இருவரின் பணிநேரத்திலிருந்தே ஒதுக்கித் தருமாறு மேலாளரிடம் கேளுங்கள். அன்றாட வேலையில் எதையும் குறைக்காமல், கூடுதலாகக் கற்றுக்கொடு என்று ஒருவரிடம் சொல்வது நியாயமாகாது.

கேள்வி: சக ஊழியருக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரு வழிமுறையை அவர் தாமே கண்டுபிடித்ததாக மேலாளரிடம் சொல்லிப் பாராட்டுப் பெற்றுவிட்டார். இனி யாருக்கும் எதையும் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். இது தவறா?

பதில்: உங்கள் மனவருத்தம் முற்றிலும் நியாயமானது. அறிவைப் பகிர்பவரின் பெயர் நிலைக்காத இடத்தில் பகிர்தல் நின்றுபோவது இயல்பு. ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், அவர்கள் கடினமான பழுதுகளைப் பற்றி ஒருவருக்கொருவர் கதைபோலச் சொல்லியே கற்றுக்கொள்வதைக் கண்டார். பின்னர் 1990களில் அந்நிறுவனம் யுரேகா என்ற குறிப்புத் தொகுப்பை ஏற்படுத்தியபோது, ஒவ்வொரு குறிப்பும் அனுபவமுள்ள சக பணியாளர்களால் சரிபார்க்கப்பட்டு, எழுதியவர் பெயருடனேயே வெளியிடப்பட்டது.

சொல்வதை நிறுத்தாதீர்கள், சொல்லும் இடத்தை மாற்றுங்கள். தனியாக ஒருவரிடம் சொல்வதற்குப் பதிலாக, பிரிவுக் கூட்டத்தில் விளக்கி, பொதுக் கோப்பில் பெயரும் தேதியும் இட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த ஊழியரிடமும் ஒருமுறை தனிமையில், கோபமின்றி, நேராகப் பேசிவிடுங்கள். ஒரு புதிய வழிமுறையைக் கேட்கும் மேலாளர் அதை யாரிடம் கற்றார்கள் என்றும் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டால், இத்தகைய மனக்கசப்பு பெரும்பாலும் எழாது.

கேள்வி: எங்கள் பிரிவினர் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துகொள்கிறோம். அது போதாதா?

பதில்: அவசரத்துக்குப் போதும். ஆனால், அங்கே வரும் நல்ல விடை அடுத்த நாளே பிற செய்திகளுக்குள் புதைந்துவிடும். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடல் முழுவதும் தெரியவும் தெரியாது. வாரம் ஒருவர் முறைவைத்து, பயனுள்ள விடைகளைப் பொதுக் கோப்புக்கு மாற்றி, காலாவதியான குறிப்புகளையும் நீக்கட்டும். கடவுச்சொற்களையும் வாடிக்கையாளர் விவரங்களையும் அந்தக் குழுவில் இடவே வேண்டாம்.