மொறிஸ் மைனருக்குப் புது ஷொக் போட முன்னர்

அண்ணா, உங்கள் 1959 மொறிஸ் மைனரின் முன்பக்கம் பள்ளத்தில் தொம் தொம் என்று குதிக்கிறது, டெலஸ்கோப்பிக் ஷொக் (குழாய் வடிவ அதிர்வுதாங்கி) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம். ஆனால் பழைய லீவர் ஷொக்கை (கை வைத்த பழைய வகை அதிர்வுதாங்கியை) கழற்றி எறிந்துவிடாதீர்கள். அந்தக் காரில் அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம், அதாவது சில்லை மேலே பிடித்திருப்பது.

அதற்கு முதல் ட்ரனியனை, அதாவது முன்சில்லு திரும்பும் தண்டு புரியில் ஏறி நிற்கும் மூட்டை, பாருங்கள். ஜக் அடித்து, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஷொக்குக்கு வைத்த காசை அதற்குப் போடுங்கள். புரி தேய்ந்து கழன்றால் சில்லு அப்படியே மடங்கிவிடும். எனக்கு வெள்ளவத்தையில் நடந்தது, நல்லவேளை ட்ராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருந்தேன். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ட்ரனியன் வாங்கும்போது இடது வலது பாருங்கள், புரி எதிரெதிர். அப்புறம், அதற்குக் கிறீஸ் அடிக்கும்போது சில்லைத் தூக்கிவையுங்கள். பாரம் இருந்தால் உள்ளே சரியாகப் போகாது.