தனியாக ஆய்வு செய்யும் மாணவர் தம் பணியின் முன்னேற்றத்தை எப்படிப் பதிவு செய்து வர வேண்டும்?

நான்கு மாதங்களாகத் தனியாக ஓர் ஆய்வைச் செய்துவருவதாகவும், குறிப்புகள் கைப்பேசியிலும் வாட்ஸ்அப்பிலும் துண்டுத் தாள்களிலுமாகச் சிதறிக் கிடப்பதாகவும், முன்னேற்றத்தைக் காட்டும்படி பேராசிரியர் கேட்கும்போது எடுத்துக் காட்ட எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இளங்கலை இறுதியாண்டில் நானும் இப்படி ஓர் ஆய்வைச் செய்தேன். அதில் பட்ட அனுபவத்தை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில், கண்மாயைச் சுற்றியுள்ள 11 திறந்த கிணறுகளின் நீர்மட்டத்தை 2022 ஜூன் 5 முதல் ஓராண்டுக்கு ஞாயிறுதோறும் காலையில் அளந்தேன். கண்மாய் பெருகிய எத்தனை நாளில் எந்தத் தொலைவில் உள்ள கிணறு ஊறுகிறது என்பதே என் கேள்வி. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. பெரும்பரப்பின் போக்கை அறிய அது உதவும் என்றாலும், என் கேள்விக்கு வார அளவுகள் தேவைப்பட்டன. கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 30 மீட்டர் அளவு நாடாவின் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி, கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்குக்கட்டியைத் தடவி, கிணற்றின் கைப்பிடிச் சுவர் விளிம்பில் ஒரு முழு எண் வரும்படி இறக்கி, மேலே இழுத்து, நனைந்த நீளத்தைக் கழித்துக்கொள்வேன். நோட்டில் தேதி, கிணற்று எண், ஆழம் என்று மூன்று கட்டங்கள் மட்டுமே இருந்தன.

அந்த மூன்று கட்டங்கள் போதாது என்பதை ஏழாம் எண் கிணறுதான் எனக்குக் கற்பித்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. அக்டோபர் 23 அன்று அக்கிணற்றில் நீர் 6.42 மீட்டர் ஆழத்தில் இருந்தது. 30 அன்று 6.47 மீட்டர். அருகிலிருந்த மற்றக் கிணறுகளிலெல்லாம் அதே வாரத்தில் நீர் 11 முதல் 14 செ.மீ. வரை ஏறியிருக்க, இது மட்டும் 5 செ.மீ. இறங்கியிருந்தது. அடியில் பாறை வெடிப்பு இருக்கலாம், நீர் அதன் வழியே வேறு பக்கம் போகலாம் என்று நானே ஒரு விளக்கத்தை உருவாக்கி நான்கு பக்கங்கள் எழுதிவிட்டேன். ஜனவரியில் ஒரு நாள் அந்தச் சுவரில் கை ஊன்றியபோதுதான், மேல்பகுதியின் பூச்சு மற்ற இடத்தைவிடப் புதிதாக இருப்பதைக் கண்டேன். கிணற்றுக்கார அப்பத்தாவிடம் கேட்டேன். “ஆட்டுக்குட்டி உள்ள விழுந்துருச்சுல்ல தம்பி, அதான் ரெண்டு வரி செங்கல் வச்சு ஒசத்திப்புட்டோம்” என்றார். பூச்சோடு சேர்த்து 18 செ.மீ. உயர்ந்திருந்தது. இறங்கியது நீர் அல்ல. நான் அளக்கத் தொடங்கும் விளிம்புதான் ஏறியிருந்தது.

எந்த வாரத்தில் உயர்த்தினார்கள் என்பது அப்பத்தாவுக்கு நினைவில்லை. என்னைக் காப்பாற்றியவை இரண்டு சிறிய பதிவுகள். அக்டோபர் 16-ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில், “குட்டி விழுந்ததாம்” என்று யோசிக்காமல் கிறுக்கி வைத்திருந்தேன். அக்டோபர் 30 அன்று நாடாவைப் படம் பிடித்தபோது, அதன் மூலையில் ஈரம் காயாத சிமெண்ட் தெரிந்தது. ஆக, சுவர் உயர்ந்தது 23-க்கும் 30-க்கும் இடைப்பட்ட வாரத்தில்தான். 18-ஐக் கழித்தால் ஆழம் 6.29 மீட்டர், அதாவது நீர் 13 செ.மீ. ஏறியிருக்கிறது, பக்கத்துக் கிணறுகளைப் போலவே.

ஆகவே, அளவை மட்டும் எழுதாதீர்கள். அந்த அளவு எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்பதையும் அங்கேயே, அப்போதே எழுதுங்கள் என்பதுதான் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. கிணற்றைப் பொறுத்தவரை, எந்த மூலையிலிருந்து அளந்தேன், மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா, நின்று எவ்வளவு நேரமாயிற்று, முந்தைய இரவு மழை பெய்ததா என்பவை அதில் அடங்கும். மோட்டார் ஓடும்போது எடுக்கும் அளவும் நீர் நிலைகொண்ட பிறகு எடுக்கும் அளவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் பிறகு எவராலும் அவற்றைப் பிரிக்க முடியாது. உங்கள் ஆய்வு கருத்துக்கணிப்பாக இருந்தால், கேள்வியை யார் கேட்டார், பக்கத்தில் யார் இருந்தார் என்று இது மாறும். துறை எதுவானாலும், வீட்டுக்கு வந்து நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவற்றில் பாதி எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏழாம் கிணற்றுக்குப் பிறகு நான் தைத்த நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு குறிப்புக்கும் தொடர் எண் இடத் தொடங்கினேன். ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயிடமிருந்து எடுத்துக்கொண்ட முறை இது. அவர் 1832-இல் தம் ஆய்வுக் குறிப்பேட்டின் பத்திகளுக்குப் புதிதாக ஒன்றிலிருந்து எண் இடத் தொடங்கி, 1860-இல் 16,041 வரை ஒரே வரிசையில் கொண்டுசென்றார். எண் இருந்தால் “குறிப்பு 212-ஐப் பார்க்க” என்று பின்னொரு பக்கத்தில் எழுத முடிகிறது. கணினிக் கோப்பிலும் படத்தின் பெயரிலும் அதே எண்ணை இட முடிகிறது. என் நோட்டு 412-இல் முடிந்தது. பேனாவால் எழுதினேன். பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்தேனே தவிர, அழிக்கவில்லை. ஏழாம் கிணற்றின் பழைய அளவுகளும் அப்படியேதான் இருக்கின்றன. திருத்திய அளவுக்குத் தனிக் கட்டம் போட்டு, திருத்தியதற்கான காரணத்தைக் குறிக்கும் எண்ணைப் பக்கத்தில் எழுதினேன். தவறாகப் போன அந்த நான்கு பக்கங்களையும் கிழிக்கவில்லை.

கணினிக் கோப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். அவை தாமே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். மூலத் தரவு உள்ள கோப்பில் கை வைக்காமல், நகல் எடுத்து அதில் கணக்கிடுங்கள். நோட்டின் பக்கங்களை வாரம் ஒருமுறை படம் எடுத்து வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள்.

பயனற்றது என்று தோன்றும் பதிவையும் வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வைத்திருக்க வேண்டும். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானொலித் தொலைநோக்கியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு வந்துகொண்டிருந்த வரைபடத் தாளைக் கண்ணாலேயே ஆராய்ந்துவந்தார். அதில் அரை சென்டிமீட்டர் அளவே இருந்த ஒரு விசித்திரக் கிறுக்கலைக் கண்டபோது, வானின் அதே பகுதியில் இதை முன்பே பார்த்திருக்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்தது. பழைய தாள்கள் பத்திரமாக இருந்ததால் திரும்பிச் சென்று சரிபார்க்க முடிந்தது. அந்தக் கிறுக்கல், நம் கடிகாரத்தின் 24 மணி நேரத்தை அல்லாமல், விண்மீன்களின் 23 மணி 56 நிமிடக் கணக்கைப் பின்பற்றியே வந்துகொண்டிருந்தது. ஆகவே அது பூமியில் மனிதர்கள் எழுப்பிய இரைச்சலாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று தெரிந்தது. சுழன்றபடி சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளை அனுப்பும் விண்மீனைப் பல்சார் என்பார்கள். 1.3 வினாடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் துடிக்கும் முதல் பல்சார் அப்படித்தான் அறியப்பட்டது.

பேராசிரியருக்கு நோட்டு முழுவதையும் காட்ட வேண்டியதில்லை. வாரம் ஒரு பக்கம் தனியாக எழுதுங்கள்: என்ன செய்தேன், எது எதிர்பார்த்தபடி வரவில்லை, என்ன முடிவெடுத்தேன், ஏன் எடுத்தேன், அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறேன். இவற்றில் “ஏன்” என்பதற்குக் கூடுதல் இடம் கொடுங்கள். நான்காம் எண் கிணற்றைச் செப்டம்பரில் பட்டியலிலிருந்து நீக்கினேன், காரணம் எழுதவில்லை. மே மாதத்தில் பேராசிரியர் அதைக் கேட்டபோது, தூர் வாரியதால் நீக்கினேனா, உரிமையாளர் மறுத்ததாலா என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறிக்கையில் அந்தக் கிணற்றைப் பற்றிய பத்தி இன்றும் அரைகுறையாகவே இருக்கிறது.

கடந்துபோன நான்கு மாதங்களை என்ன செய்வது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. இன்றே ஒரு புதிய நோட்டை எடுத்து, இன்றைய தேதியிட்டு, முதல் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். துண்டுத் தாள்களை அதில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அவற்றின் தேதியோடும் நேரத்தோடும் பார்த்து எழுதுங்கள். நினைவில் மட்டும் இருப்பவற்றைக் கடைசியாக எழுதி, ஒவ்வொன்றின் முன்னும் “நினைவிலிருந்து எழுதியது” என்று குறித்துவிடுங்கள். நாள் சரியாகத் தெரியாத இடத்தில் தோராயமான மாதத்தை மட்டும் எழுதுங்கள். அந்தக் கட்டம் நிரம்பித் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு தேதியைப் போட்டுவிடாதீர்கள்.