கவரை விட்டுப் பட்டியலைப் பிடியுங்கள்

கேள்வி: இந்தோனேசியாவில் ஓட்டுக்குப் பணம் கைமாறும் வலையை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். 'பணம் வாங்கினீர்களா?' என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்?
– ஆய்வு மாணவி, தக்கலை

பதில்: தக்கலையிலேயே சொல்ல மாட்டார்களே! வாங்கியவரை விட்டு, யார் யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் போட்டவரைத் தேடுங்கள். அங்கே அவர் 'திம் சுக்செஸ்' ஆள், அதாவது வெற்றிக் குழு. ஓட்டுப்பதிவு நாளின் விடியலில் கவர் போவதற்கு 'செராங்கான் ஃபஜார்', விடியல் தாக்குதல் என்று பெயர். 2009 முதல் கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்குள் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே இடம். அதனால் சொந்தக் கட்சிக்காரரே போட்டியாளர். ஆளுக்கொரு தனிக் குழு.

2019 தேர்தலுக்கு முந்தைய மாதம் ஊழல் ஒழிப்பு ஆணையம் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் வழக்கில் கைப்பற்றியது சுமார் 4 லட்சம் கவர், சுமார் 800 கோடி ரூபியா. வகுத்தால் கவருக்கு 20,000 ரூபியா. அன்றைக்கு நம் 100 ரூபாய்க்குக் கிட்ட. இதற்கு ஓட்டு விழுமா என்பதைவிட, எத்தனை கவர் வழியிலேயே கரைந்தது என்பதுதான் ருசியான கேள்வி.

அதை அளக்கலாம். அங்கே 2019, 2024 பொதுத் தேர்தல்களில் ஒரு சாவடிக்கு 300 வாக்காளருக்கு மேல் வைக்கவில்லை. குழுக்காரர் நோட்டில் 80 பெயர், சாவடி முடிவில் 22 ஓட்டு என்றால் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும். நம் தேர்தல் முடிவுத்தாளான படிவம் 20-ல் பூத் வாரியாகப் பார்ப்பது போலத்தான். நம் பூத் பெரிது, அவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. அந்த 22-லும் காசு வாங்காமல் குத்திய மாமன் மச்சான் இருப்பார்கள், கழித்துக்கொள்ளுங்கள். தோற்றவரின் ஆட்களிடம் முதலில் போங்கள், மனக்குறை பேசவைக்கும். பெயரை எழுதாதீர்கள், எண்ணிக்கை போதும். கொடுத்தவருக்கு அங்கே சிறைத் தண்டனை உண்டு.

வாக்காளரிடமும் கேட்டாக வேண்டுமா? அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவுக்கு 4 செயல்கள் (கூட்டத்துக்குப் போனேன், போஸ்டர் பார்த்தேன் போல), இன்னொன்றுக்கு அதே 4-உடன் 'பணம் வாங்கினேன்'. எது எது என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்றால் போதும். சராசரி 1.9, 2.2 என்று வந்தால், வாங்கியவர்கள் 100-க்கு 30 பேர். நான்கும் எல்லோரும் செய்பவையாக இருந்தால் '5' என்றவர் மாட்டிக்கொள்வார். அபூர்வமான ஒன்றைக் கலந்து வையுங்கள். பிரிவுக்கு 500 பேர் இருந்தாலும் அந்த 30 என்ற விடை 12 வரை முன்பின் ஆகும். 40 பேரை வைத்து இதைச் செய்வது வீண். கேள்வித்தாளின் நடையை மட்டும் குளச்சல், தோவாளைப் பக்கம் 20 பேரிடம் சோதித்துப் பாருங்கள்.

சுற்றுலா விசாவில் போய்விடாதீர்கள். பிரின் எனும் அவர்களின் தேசிய ஆய்வு முகமையின் அனுமதியும், அந்த நாட்டு நிறுவனம் ஒன்றின் துணையும் வேண்டும்.

கேள்வி: பிலிப்பைன்ஸில் குடும்ப அரசியலை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேட்பாளர் பட்டியலே போதும். நமக்கு இன்ஷியல் அப்பா பெயர். அவர்களுக்கு நடுப்பெயர் அம்மா பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். ஆக தாய்வழிச் சொந்தமும் தாளிலேயே தெரியும். 1849-ல் ஸ்பானிய ஆளுநர் ஆணைப்படி குடும்பத்துக்குக் குடும்பம் வேறு வேறு பெயர்கள் பங்கிடப்பட்டன. அதனால் ஒரே ஊரில் ஒரே அபூர்வப் பெயர் என்றால் பெரும்பாலும் உறவு. சாண்டோஸ், ரேயஸ் போன்ற பெருவழக்குப் பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். 1987 அரசியலமைப்பு குடும்ப ஆட்சியைத் தடுக்கச் சொல்கிறது, ஆனால் 'சட்டம் வரையறுக்கும்படி' என்ற வாலோடு. 2016-ல் இளைஞர் மன்றத்துக்கு மட்டும் தடை வந்தது. பெரியவர்களுக்கான சட்டத்தைப் பெரிய குடும்பங்கள் நிறைந்த அவைதானே நிறைவேற்ற வேண்டும்!