கூரை ஏறும் கோழிக்கு மருந்து போடுவது எப்படி?

கேள்வி: வீட்டில் எட்டு நாட்டுக்கோழிகள். இரண்டுக்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் அம்மைக் கொப்புளம். பிடிக்கப் போனால் கூரை ஏறிவிடுகின்றன. நேற்று மத்தியானம் துரத்திப் பிடித்த பெட்டை, கையிலேயே வாய் பிளந்து துவண்டுவிட்டது. என்ன செய்ய?
- வாசகர், அணைக்கட்டு

பதில்: அது துவண்டது பெரும்பாலும் அம்மையால் அல்ல, துரத்தலால். கோழிக்கு வியர்க்காது, வாய் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நமக்கு மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானமும் அதற்குக் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. வேலூர் வெயிலில் ஓடவிட்டு, பிடித்ததும் நெஞ்சை இறுக்கினால் என்ன ஆகும்?

பகலில் பிடிக்கவே வேண்டாம். பொழுது சாய்ந்து அடைந்தபின் அரைமணி நேரம் விட்டுப் போங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். டார்ச் வெளிச்சம் தரையில் விழட்டும். இரண்டு கையாலும் இறக்கைகளை உடம்போடு சேர்த்து மூடிப் பிடியுங்கள். பிறகு ஒரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்து, கால்களுக்கு நடுவே ஆள்காட்டி விரலை விட்டுத் தாங்கி, தலை பின்பக்கம் பார்க்க அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். துண்டால் கண்ணை மூடினால் அடங்கும்; மூக்கும் அலகும் திறந்திருக்க வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது சந்தைப் பழக்கம், நோயாளிக்கு ஆகாது. வாலைப் பிடித்தால் இறகுதான் கையில் மிஞ்சும்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். அதில் வைரஸ் இருக்கிறது, ரத்தம் கசிந்தால் மற்ற கோழிகளும் கொத்தும். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணோரம் துடையுங்கள். கொண்டைப் புண்ணில் பொவிடோன் அயோடினைப் பஞ்சால் தொட்டு வையுங்கள்; கண்ணில் படக்கூடாது. இது அம்மையைக் குணமாக்காது, புண் சீழ் பிடிக்காமல் காக்கும்.

வாய்வழி மருந்து என்றால் தலையை அண்ணாத்தி ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊசி கழற்றிய சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கியபின் அடுத்த சொட்டு. கரகரவென்று சத்தம் வந்தால் நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். கொண்டை கறுத்தாலோ வாய் பிளந்தாலோ பிடியைத் தளர்த்திக் கீழே விடுங்கள். மிச்சத்தை மறுநாள் பார்க்கலாம்.

நோயுள்ள இரண்டையும் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கொசுவலை போடுங்கள். அம்மையைக் கொசுவும் பரப்பும். வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிந்தாலோ, இரை எடுக்காவிட்டாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், வெயில் ஏறும் முன்பே.