சிஸ்டரைக் கேளுங்கள்: புத்தகத்தில் கட்டம் இல்லாத ஊசி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகள் வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற நர்ஸ், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃப்ளூ ஊசியைப் பற்றியவை.

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஏழு வயது. ஆஸ்துமா இருக்கிறது, பம்பு எப்போதும் பள்ளிக்கூடப் பையில் இருக்கும். சின்னவளுக்கு நாலு மாதம். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்குச் சர்க்கரை. பெரியவன் வகுப்பில் சில தாய்மார்கள் ஃப்ளூ ஊசி போட்டுவிட்டார்கள், என்னையும் போடச் சொல்கிறார்கள். என் கணவர், "பிள்ளைகளின் தடுப்பூசிகளைக் குறித்துவைக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் அந்த ஊசிக்குக் கட்டமே இல்லை. தேவை என்றால் அரசாங்கமே போட்டிருக்காதா?" என்கிறார். மாமியாரோ, போன வருஷம் அந்த ஊசி போட்ட பிறகுதான் தனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தது, பேரனுக்கு வேண்டவே வேண்டாம் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு தாய், பீனிக்ஸ்

பதில்: அம்மா, பெரியவனுக்குப் போட்டுவிடுங்கள். சின்னவளுக்கு இப்போது போட முடியாது. நீங்களும் கணவரும் மாமியாரும் போட்டுக்கொள்ளுங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் வீட்டில் இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. அந்தப் புத்தகத்தில் காசநோய், போலியோ, தட்டம்மை எல்லாம் இருக்கின்றன, ஃப்ளூ இல்லை. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசியை 2009-இல் ஆப்பிரிக்காவிலேயே முதலில் தேசிய அட்டவணையில் சேர்த்தது நம் நாடு. அப்படியிருக்க இதை ஏன் விட்டார்கள்? மற்ற ஊசிகளைச் சின்ன வயதில் சில தடவை போட்டால் வேலை முடிந்தது. ஃப்ளூ கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் இதை வருஷா வருஷம் போட வேண்டும். ஒவ்வொரு செப்டம்பரிலும் உலக சுகாதார நிறுவனம் கூடி, அடுத்த குளிர்காலத்துக்குத் தென்பாதி உலகத்து மருந்தில் எந்தெந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. மருந்து இங்கே மார்ச் வாக்கில் வந்து சேரும். அரசு வாங்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாது. அதனால் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: கர்ப்பிணிகள், எச்ஐவி உள்ளவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல் என்று நாள்பட்ட நோய் உள்ளவர்கள்.

இப்போது உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: அந்த வரிசையில் அவருடைய மகனும் இருக்கிறான். ஆஸ்துமா நுரையீரல் நோய்தானே. புத்தகத்தில் கட்டம் இல்லாவிட்டாலும் அரசு கிளினிக்கில் அவனுக்கு இலவசமாகப் போடுவார்கள். அதே நாளில் மாமியாரையும் கூட்டிப் போங்கள், சர்க்கரைக்காரர்களும் அந்த வரிசையில் உண்டு. பம்பையும் கிளினிக் அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். "ஆஸ்துமா" என்று வாயால் சொன்னால் மட்டும் சில இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீக்கிரமாகப் போங்கள், மருந்து தீர்ந்துவிடும்.

வார்டில் எனக்கு ஜூன், ஜூலை என்றாலே மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசரின் சத்தம்தான் காதில் கேட்கும். வீசிங் பிள்ளைகளுக்கு ஃப்ளூ வந்தால் அது மூக்கோடு நிற்காது. மற்ற பிள்ளைகள் ஐந்தாறு நாள் படுத்து எழுந்துவிடுவார்கள். இவர்களில் சிலர் ஆக்சிஜனுக்கு வருவார்கள். நம் நாட்டில் வருஷத்துக்கு 6,000 முதல் 11,000 பேர் வரை ஃப்ளூவால் இறப்பதாகத் தேசியத் தொற்றுநோய் நிலையம் கணக்குச் சொல்கிறது. அதில் பாதிப் பேர் வயதானவர்கள். பிள்ளைகள் இறப்பது குறைவு. ஆனால் ஆஸ்பத்திரியில் படுப்பவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் நிறைய.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, காய்ச்சல் வந்திருக்கும். ஆனால் நாம் போடும் ஊசியில் இருப்பது செத்த கிருமி. அதனால் ஃப்ளூவை உண்டாக்க முடியாது. கை வலி, உடம்பு கசகசப்பு, லேசான சூடு ஓரிரு நாள் இருக்கும், அது சகஜம். ஒரு வாரக் காய்ச்சல் என்றால் வேறு ஏதோ தொற்றியிருக்கிறது. நம் ஊரில் ஆர்எஸ்வி என்ற இன்னொரு கிருமி ஃப்ளூவுக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். ஊசி போடும் நேரமும் அதன் நேரமும் ஒன்றாக வருவதால் பழி ஊசி மேல் விழுகிறது. இன்னொன்று, ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஃப்ளூவே வந்தாலும் வரும்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது முழுக் காவல் இல்லை. கிருமியோடு மருந்து நன்றாகப் பொருந்திய வருஷத்தில்கூட டாக்டரிடம் போகும் அளவு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். தட்டம்மை ஊசி மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வார்டு வரை போவதைக் குறைக்கிறது, அது எனக்குப் போதும்.

சின்னவளுக்கு ஆறு மாதம் ஆகும் வரை இந்த ஊசி கிடையாது. அதுவரை அவளைச் சுற்றி இருப்பவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு இந்த ஊசியால் ஒன்றும் ஆகாது. வீட்டுக்குள் ஃப்ளூவைக் கொண்டுவருவது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. பெரியவர்களைவிட அதிக நாள் கிருமியை வெளியே விடுவதும் அவன்தான். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஃப்ளூ ஊசி போட்டுவந்தார்கள். 1977-இல் அதைக் கட்டாயமாக்கி, 1987-இல் தளர்த்தி, 1994-இல் நிறுத்திவிட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தால், பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் கிழவர் கிழவிகளின் சாவு குறைந்திருந்தது, நிறுத்தியதும் ஏறியிருந்தது. இதை மாமியாரிடம் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். "உங்களுக்காகத்தான் அவனுக்குப் போடுகிறோம்" என்றால் சில மாமியார்கள் உருகுவார்கள், சிலர் சண்டைக்கு வருவார்கள். உங்களவர் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எப்போது போடுவது? பீனிக்ஸில் இருக்கிறீர்கள், மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே. ஈஸ்டர் விடுமுறையில் அங்கே நடக்கும் அம்மன் திருவிழாவுக்கு எப்படியும் பிள்ளைகளோடு போவீர்கள். பெரிய வெள்ளிக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். ஃப்ளூ காலம் சாதாரணமாக ஏப்ரல் கடைசியில் தொடங்கும். ஆனால் 2025-இல் மார்ச் 24-ஆம் தேதி வாரத்திலேயே தொடங்கிவிட்டது. ஆகவே மருந்து வந்ததும் போடுவது நல்லது. உங்கள் மகனுக்கு ஒன்பது வயது ஆகவில்லை, இதுவே முதல் தடவை என்றால் நாலு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் உண்டு. நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த வருஷத்திலிருந்து ஒன்று போதும். ஈஸ்டர் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். ஆடிக் கூழ் ஊற்றும் வரை ஃப்ளூ ஊரில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஊசி போட்டும் அவனுக்குக் கடும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளூவுக்கான மாத்திரை அதற்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். கைக்குழந்தைக்கு மூச்சு வேகமாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், அவள் அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். அந்த வயதில் நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் கிளம்பிவிடுங்கள். விலா எலும்புக்கடியில் குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

கேள்வி: என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நோயும் இல்லை, பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் ஆடுகிறான். ஃப்ளூ ஊசி வேண்டாம் என்கிறாள் என் மகள். எனக்கு 71 வயது. அனுபவசாலி என்ற முறையில் நான் வற்புறுத்தலாமா?
— ஒரு தாத்தா, சாட்ஸ்வர்த்

பதில்: வற்புறுத்தாதீர்கள் ஐயா. திடமான பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் போட்டால் நல்லது, போடாவிட்டால் குற்றம் இல்லை. அவனுக்கு அரசு வரிசையில் இடமும் இல்லை. மருந்துக்கடையில் காசு கொடுத்துப் போட வேண்டும். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால் அவர்கள் கட்டுவார்களா என்று மகள் ஒரு போன் போட்டுக் கேட்கட்டும். இதற்காக மகளோடு முகம் திருப்பிக்கொண்டு உட்காராதீர்கள்.

பள்ளி விட்டதும் அவன் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறான், பாட்டிக்கு இதய நோய் இருக்கிறது என்றால் பேச்சு வேறு. அதை மட்டும் மகளிடம் எடுத்துச் சொல்லலாம்.

அது சரி, நீங்கள் போட்டுக்கொண்டீர்களா? 71 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே! உங்களுக்கு இலவசம். முதலில் நீங்கள் போங்கள்.

கேள்வி: நாங்கள் முட்டை தொடாத குடும்பம். மகனுக்காக நேர்ந்துகொண்டு சித்ரா பருவக் காவடிக்கு விரதம் இருக்கும் சமயத்தில்தான் ஃப்ளூ ஊசியும் வருகிறது. மருந்தை முட்டையில்தான் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: உண்மைதான். கரு உள்ள கோழி முட்டையில் கிருமியை வளர்த்து, எடுத்து, கொன்று, சுத்தம் செய்கிறார்கள். கடைசியில் முட்டைப் புரதம் மிக மிகச் சொற்பமாக மிஞ்சும். "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். மருந்து வேறு, சாப்பாடு வேறு என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் விரத வெள்ளிக்கிழமையிலும் ஊசி போட்டதுண்டு. உங்கள் மனம் ஒப்பாவிட்டால் விரதம் தொடங்கும் முன்பே, மார்ச்சில், போட்டுவிடுங்கள். காவடி முடியட்டும் என்று தள்ளிவைத்தால் ஃப்ளூ முந்திக்கொள்ளும்.

முட்டை ஒவ்வாமை வேறு விஷயம். முட்டை தின்று உதடு வீங்கியோ மூச்சு இழுத்தோ இருந்தால், ஊசி போடும் முன்பே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். உங்கள் பிள்ளை முட்டையே சாப்பிட்டதில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். போட்ட பிறகு கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பம். பிள்ளை பிறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
— லெனேசியா வாசகி

பதில்: சரியில்லை அம்மா, இப்போதே போடுங்கள். இதற்கான ஆராய்ச்சி உங்கள் பக்கத்து ஊரிலேயே நடந்திருக்கிறது. 2011, 2012 ஆண்டுகளில் சொவெட்டோவில் பேராசிரியர் ஷபீர் மாதியின் குழு, எச்ஐவி இல்லாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்தது. பாதிப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. ஊசி போட்ட தாய்மாருக்கு ஃப்ளூ பாதியாகக் குறைந்தது. அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் முதல் ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. எச்ஐவி உள்ள தாய்மாரையும் தனியாகப் பார்த்தார்கள், அவர்களுக்கும் ஊசி பலன் தந்தது. தாயின் எதிர்ப்புச் சக்தி தொப்புள் கொடி வழியே போய்விடுகிறது. பெற்ற பிறகு போட்டால் பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டுவிடும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இலவசம். அடுத்த செக்கப்பில் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆயா பாதி டிஸ்ப்ரின் கரைத்துக் கொடுக்கிறார். கேட்டால் "உன் அப்பாவை அப்படித்தான் வளர்த்தேன்" என்கிறார். கொடுக்கலாமா?
— டோங்காட் வாசகர்

பதில்: கொடுக்கக் கூடாது. டிஸ்ப்ரினில் இருப்பது ஆஸ்பிரின். ஃப்ளூவோ சின்னம்மையோ இருக்கும் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், ரை நோய் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு நோய் வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. கிராண்ட்பா பவுடரிலும் ஆஸ்பிரின் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் தலைவலிக்கு வைத்திருப்பார்கள், அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காய்ச்சலுக்குப் பனாடோ (பாரசிட்டமால்) சிரப், வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து அளவு. ஆயாவின் மிளகு ரசத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம், காரத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.