படிக்கட்டில் ஒரு காவடி

கேள்வி: புதுச்சேரி பக்கத்தில், ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் இரண்டு குட்டிச்சுவர்தான் நிற்கிறது. அலெக்சாண்டர் எரித்த பழைய பாரசீகத் தலைநகர் பெர்செபொலிஸில் மட்டும் எப்படி இவ்வளவு மிஞ்சியது? – வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் ஒன்று, அம்மா. நீங்கள் பார்த்த சுவர் ரோமானியர் காலத்ததே இல்லை. 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது. நானும் ஸ்கூட்டரில் போய் வாயைப் பிளந்து ஏமாந்தவன்தான். பழைய செங்கலை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, ஈரானுக்கு வருவோம். கி.மு. 330-இல் எரிந்தது மரக்கூரை. பச்சைச் செங்கல் சுவர்கள் அப்புறம் இடிந்து, கரைந்து மண்மேடாயின. அந்த மண்தான் அபதானா என்ற அரச மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டை மூடிக் காப்பாற்றியது! 1930-களில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ஸ்ஃபெல்ட் தோண்டியபோது சிற்பங்கள் நேற்றுச் செதுக்கியவை போல வெளிவந்தன. ஆனால் மண் மூடாத தூண்களில், அதே மண்டபத்தின் 72-இல் 13தான் இன்று நிற்கின்றன.

அந்தப் படிக்கட்டில் மன்னருக்குக் காணிக்கை கொண்டுவரும் வரிசையில் சிந்துப் பகுதி ஆட்களும் உண்டு. ஒருவர் இடுப்பில் வேட்டி, வெற்று மார்பு, தோளில் காவடித்தண்டு, இரண்டு பக்கமும் கூடை. நம்மூர் மீன்காரர் என்றே நினைத்தேன். கூடையில் இருப்பது பொன்துகள் என்கிறார்கள்.