ஆள் மாறிப் பிடித்தால் யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பேரன் பவுண்டி ஹன்டர் பற்றிய அமெரிக்க நிகழ்ச்சிகளை விடாமல் பார்க்கிறான். கதவை உடைத்துப் போய் ஆளைப் பிடிக்கிறார்கள், கூட போலீஸ் ஒருவர்கூட இல்லை. இதெல்லாம் சட்டப்படிதான் நடக்கிறதா? வேறு ஆளைப் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? இங்கே தென்னாப்பிரிக்காவிலும் அப்படி யாராவது உண்டா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: சட்டத்தின் அனுமதியோடுதான் நடக்கிறது அம்மா. அங்கே கைதான ஒருவரிடம் முழு பெயில் தொகையும் இல்லையென்றால், பெயில் பாண்ட் போடும் வியாபாரியிடம் போகலாம். அவர் வழக்கமாகப் பத்து சதவீதம் கட்டணம் வாங்கிக்கொண்டு முழுத் தொகைக்கும் கோர்ட்டில் பொறுப்பேற்பார். வழக்கில் ஜெயித்தாலும் அந்தக் கட்டணம் திரும்பி வராது. ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் மொத்தப் பணமும் வியாபாரியின் தலையில் விழும் என்பதால் அவர் ஆள் வைத்துத் தேடுகிறார். அப்படித் தேடிப் பிடித்துக் கொடுப்பவர்தான் பவுண்டி ஹன்டர். பிடித்தால்தான் கூலி, பிடிக்காவிட்டால் பெட்ரோல் செலவும் அவருடையதுதான். அதனால் இவர் அந்த ஆள்தானா என்று நின்று நிதானமாகப் பார்க்க அவருக்கு அவகாசம் கிடையாது, பார்த்தால் அவருக்குத்தான் நஷ்டம், ஆள் மாறுகிற தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன என்று நான் நினைக்கிறேன்.

1872-ல் டெய்லர் எதிர் டெய்ன்டர் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பெரிய அதிகாரம் இருப்பதாக எழுதிவைத்தது. வேறு மாநிலத்துக்கும் துரத்திப் போகலாம், ஓய்வு நாளிலும் பிடிக்கலாம், தேவைப்பட்டால் ஓடியவருடைய வீட்டை உடைத்தும் நுழையலாம். அந்த அதிகாரம் பெயில் எடுத்தவர்மேல் மட்டும்தான், ஏனென்றால் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவருடைய அக்கா வீட்டுக்கோ, அதே பெயர் வைத்திருக்கும் இன்னொருவருக்கோ அது செல்லாது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குத் துப்பாக்கியோடு வாசலில் நிற்பவரிடம் இதை யார் எடுத்துச் சொல்வது? போலீஸைக் கட்டுப்படுத்தும் அரசியல் சட்டப் பாதுகாப்புகள் தனியாரான இவர்களைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. பல மாநிலங்கள் இப்போது லைசென்ஸ், பயிற்சி என்று சட்டம் போட்டிருக்கின்றன. கென்டக்கி, இல்லினாய், ஓரிகன், விஸ்கான்சின் ஆகிய நான்கும் பெயில் பாண்ட் வியாபாரத்தையே ஒழித்துவிட்டன.

2015 ஆகஸ்டில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் (நம் டர்பன் ஃபீனிக்ஸ் இல்லை) சமூக வலைத்தளத்தில் வந்த ஒரு துப்பை நம்பி, ஆயுதங்களோடு ஒரு கூட்டம் ராத்திரி ஒரு வீட்டைச் சுற்றி வளைத்தது. உள்ளே இருந்தவர் அந்த நகரத்தின் போலீஸ் தலைவர் ஜோசப் யானர். தேடப்பட்ட ஆளுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கூட்டத்தைக் கூட்டி வந்தவரைப் போலீஸ் கைது செய்தது. நான் அடிக்கடி யோசிப்பது, அந்த வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருந்திருந்தால் அந்தக் கைது நடந்திருக்குமா, இல்லை ‘இது உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சிவில் விவகாரம்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்களா என்பதைத்தான். 2017-ல் டென்னசியின் கிளார்க்ஸ்வில்லில் ஒரு கடையின் கார் நிறுத்தத்தில், தேடிய ஆள் உள்ளே இருக்கிறார் என்று நினைத்து ஒரு காரை வளைத்துச் சுட்டார்கள். தேடிய ஆள் காரிலேயே இல்லை, 24 வயது இளைஞர் ஒருவர் செத்துப்போனார். ஏழு பேர் மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது.

இங்கே இந்தத் தொழிலுக்கே இடமில்லை. பெயில் பணத்தை ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ நேரடியாகக் கட்டுகிறோம், நிபந்தனைகளை மீறாமல் இருந்தால் வழக்கு முடிந்ததும் திரும்பி வருகிறது. வாய்தாவுக்கு வராவிட்டால் மாஜிஸ்ட்ரேட் வாரண்ட் போடுவார், பணம் தற்காலிகமாகப் பறிமுதலாகும், 14 நாளுக்குள் ஆஜராகித் தன் தவறில்லை என்று காட்டினால் பழையபடி பெயில் தொடரும். நடுவில் லாபம் பார்க்க ஒருவருக்கும் இடமில்லை. இதைப் பேரனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி மகனுக்கு 22 வயது. வேலை முடிந்து டாக்ஸியிலிருந்து இறங்கி நடந்து வந்தவனை ஒரு செக்யூரிட்டி கம்பெனி வண்டி வழிமறித்தது. வாட்ஸாப்பில் வந்த மங்கலான ஒரு படத்தைக் காட்டி, வீடு உடைத்தவன் நீதான் என்று கையைக் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சார்ஜ் ஆபீஸில் இருந்தவர் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்போல, ஒரு வார்த்தை விசாரிக்காமல் உள்ளே தள்ளிவிட்டார். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் வந்து ‘இந்தப் பையன் இல்லை’ என்றதும் விட்டார்கள். மன்னிப்புகூடக் கேட்கவில்லை. அவன் இப்போது வெளியே போகவே பயப்படுகிறான். விட்டுவிடு என்கிறார்கள் எல்லோரும். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, வெருலம்

பதில்: விடாதீர்கள் அக்கா. பையன் வீட்டுக்கு வந்துவிட்டான், அதோடு போகட்டும் என்று நம் குடும்பங்களில் சொல்வது வழக்கம்தான், அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் இது உங்கள் பக்கம் சட்டம் பலமாக நிற்கிற விஷயம்.

1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 42-ஆவது பிரிவு, தனியார் ஒருவர் எப்போது வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்று சொல்கிறது. செக்யூரிட்டிக்காரர் சீருடை போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் உங்களையும் என்னையும் போன்ற தனியார்தான். கொலை, கொள்ளை, திருட்டு, வீடு உடைத்தல் போன்ற முதல் அட்டவணைக் குற்றம் கண் முன்னால் நடந்தாலோ, அப்படி ஒரு குற்றத்தை இவர் செய்தார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தாலோ பிடிக்கலாம். ‘நியாயமான’ என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. முகம் தெரியாத ஒரு படமும், அதே நிறத்துச் சட்டையும், ‘இவன் மாதிரிதான் இருக்கிறது’ என்ற நினைப்பும் நியாயமான சந்தேகம் ஆகாது என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. இன்னொன்று, ஒருவருடைய சுதந்திரத்தைப் பறித்தது சட்டப்படிதான் என்று நிரூபிக்க வேண்டியது பறித்தவர். நான் திருடன் இல்லை என்று உங்கள் பையன் நிரூபிக்க வேண்டியதில்லை.

செக்யூரிட்டிக்காரர்மேல் மட்டும் கோபத்தை வைக்காதீர்கள் என்பேன். தெருவில் நடந்த தவறு அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது. பிடித்தவரைத் தாமதிக்காமல் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 50-ஆவது பிரிவு சொல்வதே அதற்காகத்தான், அங்கே பொறுப்பான ஒருவர் உட்கார்ந்து விசாரிப்பார் என்ற நம்பிக்கையில். உள்ளே வைத்தது போலீஸின் சொந்த முடிவு, அதற்கு அவர்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ‘கம்பெனிக்காரர் கொண்டுவந்தார், நான் வைத்தேன்’ என்பது பதிலே இல்லை. பதிவு பெற்று வேலையில் இருக்கும் செக்யூரிட்டிக்காரர்கள் 5 லட்சத்துக்கும் மேல், போலீஸைவிட மிக அதிகம். தினமும் ஒரே தெருவில் சுற்றுகிறார்கள், முதலில் வந்து நிற்பதும் பல நேரம் அவர்கள்தான், அதனால் சிநேகம் வருவது இயல்பு. அந்தச் சிநேகம் விசாரணைக்குப் பதிலாக நிற்கிறபோதுதான் உங்கள் பையன் மாதிரி ஒருவன் ஒரு ராத்திரியைச் செல்லில் கழிக்கிறான். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஸ்டேஷனில் அந்த நாளின் ஓபி நம்பரை (ஸ்டேஷன் நிகழ்வுப் பதிவுப் புத்தகத்தின் எண்) கேட்டு வாங்குங்கள், யார் கொண்டுவந்தார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டும். பக்கத்துக் கடைகளின் கேமரா பதிவு சீக்கிரம் அழிந்துவிடும், இன்றே போய்க் கேளுங்கள். வாட்ஸாப்பில் சுற்றிய படத்தையும் அதன் கீழே யார் என்ன எழுதினார் என்பதையும் படம் பிடித்து வையுங்கள். கையில் காயம் இருந்தால் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள், தாக்குதல் வழக்குக் கொடுத்தால் ஜே88 படிவம் அதற்குத்தான். கம்பெனிமேல் புகாரைத் தனியார் பாதுகாப்புத் துறையை ஒழுங்குபடுத்தும் சிராவிடம் கொடுக்கலாம், போலீஸ்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ஐபிட் அமைப்பிடம் போலீஸ்மேல் உள்ள புகாரை. நஷ்டஈடு கேட்பதென்றால் போலீஸுக்கு ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். கம்பெனிமேல் வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருஷம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட வேண்டாம். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் லீகல் எய்ட் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

அப்புறம், அவனைத் தனியாக விடாதீர்கள். கொஞ்ச நாளைக்கு யாராவது டாக்ஸி நிறுத்தம் வரை கூடப் போய் வாருங்கள்.

கேள்வி: எங்கள் ஏரியாவில் நாங்கள் பத்துப் பேர் ராத்திரி ரோந்து போகிறோம். ஸ்டேஷனில் எல்லோரும் பழக்கம். வாரண்ட் உள்ளவர்களின் படங்களைக் காட்டி, ‘கண்ணில் பட்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள்’ என்று அவர்களே சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், டோங்காட்

பதில்: செய்யாதீர்கள் தம்பி. வாரண்டை நிறைவேற்றும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 44-ஆவது பிரிவு பீஸ் ஆபீசருக்குத்தான் (போலீஸ் போன்ற அதிகாரிகளுக்கு) கொடுக்கிறது, அது உங்களுக்கு இல்லை. வாரண்டோடு போன அதிகாரி நியாயமாக நம்பி ஆள் மாறிப் பிடித்துவிட்டால் 46-ஆவது பிரிவு அவரைக் காப்பாற்றும். வாரண்டை நிறைவேற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லாதபோது அந்தப் பாதுகாப்பும் உங்களுக்கு இருக்காது. ‘போலீஸ்தான் சொன்னார்’ என்று நீங்கள் கோர்ட்டில் சொல்கிற அன்றைக்கு அப்படிச் சொன்னவர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு, 1987. பெயில் வியாபாரி ஒருவரும் மேரிலாண்ட் போலீஸ்காரர் ஒருவரும் சேர்ந்து ஓர் அம்மாவின் வீட்டுக்குள் அவருடைய மகனைத் தேடிப் போனார்கள். போலீஸ்காரரோடு கைகோத்துப் போனபின் அந்த வியாபாரியும் அரசு அதிகாரத்தில்தான் செயல்பட்டார், அதனால் அந்த அம்மாவின் உரிமையை மீறியதற்கு அவரும் பதில் சொல்ல வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. போலீஸ் சிநேகம் அவருக்குக் கவசமாகவில்லை, பொறுப்பைத்தான் கூட்டியது.

2021 ஜூலையை மறந்துவிடாதீர்கள். கலவரத்துக்குப் பயந்து நம் டர்பன் ஃபீனிக்ஸில் தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டார்கள், பயம் நியாயமானதுதான், போலீஸ் பல இடங்களில் வரவேயில்லை. ஆனால் அந்த நாட்களில் அங்கே 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள், வழியில் போனவர்களும் கொள்ளைக்காரர் என்று சந்தேகிக்கப்பட்டார்கள். நம் ஊர்க்காரர்களை நோக்கி இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். முகத்தை வைத்து ஆளை முடிவு செய்கிற பழக்கம் ரோந்தில் நுழைய விடாதீர்கள். வாரண்ட் உள்ள ஆளைப் பார்த்தால் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 10111-க்குப் போன் போடுங்கள், தூரத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: வேறு நாட்டில் ஒளிந்திருப்பவரை ஆள் வைத்துத் தூக்கி வந்தால் கோர்ட் ஏற்றுக்கொள்ளுமா?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அமெரிக்கக் கோர்ட் ஏற்றது, நம் கோர்ட் ஏற்கவில்லை. 1990-ல் மெக்சிகோவின் குவாடலஹாராவில் ஒரு டாக்டரை, அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை பணம் பேசி வைத்திருந்த ஆட்கள் கடத்திக்கொண்டு போனார்கள். கடத்தினாலும் விசாரிக்கலாம் என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் விசாரணையில் ஆதாரம் போதாது என்று நீதிபதி அவரை விடுதலை செய்துவிட்டார், அதற்குள் இரண்டு வருஷத்துக்கும் மேல் போய்விட்டது.

இங்கே 1986 டிசம்பரில், நம் டர்பனில் பிறந்த இப்ராஹிம் இஸ்மாயில் இப்ராஹிமை நிறவெறி அரசின் ஆட்கள் சுவாசிலாந்திலிருந்து கடத்தி வந்தார்கள். தேசத்துரோகம் என்று 20 வருஷத் தண்டனை. 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசே சட்டத்தை மீறி ஆளைக் கொண்டுவந்திருக்கும்போது அவரை விசாரிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு இல்லை என்று தண்டனையை ரத்து செய்தது. நிறவெறிச் சட்டங்கள் முழுவதும் ஒழியாத காலத்தில் வந்த தீர்ப்பு அது. படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கேள்வி: மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அவன் இருக்கும் வீட்டில் முன்பு இருந்தவரைத் தேடி இரண்டு முறை ஆட்கள் வந்துவிட்டார்களாம். என்ன செய்ய?
– ஒரு வாசகர், லெனேசியா

பதில்: அண்ணா, அந்த மாநிலத்தில் பெயில் வியாபாரிக்காக வரும் லைசென்ஸ் உள்ள துப்பறிவாளர், வீட்டில் இருப்பவர் சம்மதிக்காமல் உள்ளே நுழையக் கூடாது, போலீஸ் என்று நினைக்கும்படி உடுத்தவும் கூடாது. கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசட்டும், கூடவே 911-ஐக் கூப்பிட்டு, ஆயுதத்தோடு ஆட்கள் நிற்கிறார்கள், அவர்கள் தேடுபவர் நான் இல்லை என்று சொல்லட்டும். வாடகை ஒப்பந்தமும் பாஸ்போர்ட் நகலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மீறி உள்ளே வந்துவிட்டால் எதிர்த்து நிற்க வேண்டாம், கைகளை அவர்கள் பார்க்கும்படி வைத்துக்கொண்டு தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லட்டும். வீட்டுச் சொந்தக்காரரிடம், முன்பு இருந்தவர் எந்தத் தேதியில் காலி செய்தார் என்று கேட்டு ஒரு கடிதம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வக்கீலின் நம்பரைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளட்டும், அந்த மாதிரி நேரத்தில் போன் முதலில் கையை விட்டுப் போய்விடும்.